சாமிக்கு ஒரு சிட்டிகை

புதிதாகப் போர்மேன் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்த மருந்தை எதோடு சேர்க்கக் கூடாது, ஒரு ரூமில் எத்தனை பேர் உட்காரலாம், மழை வந்தால் எதை முதலில் மூட வேண்டும் என்றெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, கேட்க உங்களுக்கும் இருக்காது. நான் வேலையில் இருந்தபோது பயந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்காரன் பயந்த கதை என்றதும் பெரிய வெடிச் சத்தத்தை எதிர்பார்த்து நாற்காலியை இழுத்துப் போட வேண்டாம். அன்றைக்கு நான் பயந்துகொண்டிருந்த நேரம் முழுக்க ஒரு காக்கா கூடக் கத்தவில்லை.

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் கம்பெனி இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லாரும் செல்போன் வாங்கத் தொடங்கியிருந்த காலம். அதையெல்லாம் பிடுங்கி வைக்க வாட்ச்மேன் கேட்டருகில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். பங்குனி மாதம். ஊர் முழுக்க மாரியம்மன் பொங்கல் சாட்டி, பாதிப் பெண்கள் கையில் காப்பும் இடுப்பில் மஞ்சள் சேலையுமாக வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். விரதம் இருக்கிறவர்களை மருந்து ரூமில் போடாமல் வெளி வேலைக்கு மாற்றுவது என் வழக்கம். மத்தியான வெயிலில் வெறும் வயிற்றோடு ஒருத்தி மயங்கி விழுந்தால், அவள் எங்கே விழுகிறாள் என்பதுதான் எனக்குக் கவலை.

அந்த மாதம் எங்களுக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். பிள்ளைகளுக்கு அப்பா மேல் பாசம் கொஞ்சம் அதிகம். பட்டப்பகலில் வானத்தில் பெரிய வெடி ஒன்று வெடிக்க வேண்டுமாம். அந்தப் புகைக்குள்ளிருந்து அப்பாவின் படம் போட்ட துணி, பாராசூட்டில் தொங்கிக்கொண்டு மெதுவாகக் கீழே வர வேண்டுமாம். படத்துக்கு அடியில் மஞ்சள் புகை வேறு. கேட்டபோது நான் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை, ஆர்டரை வாங்கிக்கொண்டார்.

இதில் சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். ஷெல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பைப்புக்குள் இறக்குகிற உருண்டை. அதன் அடியில் தூக்கி எறிகிற மருந்து. அந்த மருந்து உருண்டையை மேலே அனுப்பும், மேலே போய் அது வெடிக்கும். வெடிக்கிற ஷெல் நல்ல கனம், உரிக்காத தேங்காய் போல இருக்கும். பாராசூட் ஷெல்லோ உள்ளே துணியும் காற்றும்தான்; கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியாது. இரண்டும் ஒரே அளவுப் பைப்பிலிருந்து கிளம்பி ஒரே உயரத்துக்குப் போக வேண்டும். கனமானதற்கு எவ்வளவு மருந்து, லேசானதற்கு எவ்வளவு என்பதுதான் எங்கள் தலைவலி.

எனக்கு முன்னால் அங்கே போர்மேனாக இருந்தவர் ரொம்பப் பேச மாட்டார். நான் சேர்ந்த புதிதில், கம்பெனி வேன் கிளம்பப் போகிறதே என்று காம்பவுண்டுக்குள் ஓடினேன். என்னைப் பிடித்து நிறுத்தி, எல்லார் முன்னாலும் முதுகில் ஒன்று வைத்தார். "இந்த வேலிக்குள்ள ஓடுறவன் தனியாச் சாவமாட்டான், பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போவான்" என்றார். அவர் ஷெல்லைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று. கனமான ஷெல் தப்பாகப் போனாலும் எங்கே விழும் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும், லேசானது தப்பாகப் போனால் அது காற்றின் சொத்து, அதன் பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை என்றார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எங்கள் ஷெல்லுக்கெல்லாம் மருந்து போடுகிறவன் மாடசாமி. நிறுத்துப் பார்த்தால் அவன் போட்டதில் குறை சொல்ல முடியாது. கை சுத்தம், வாய் சுத்தம், சாமி பக்தி ரொம்ப அதிகம். அவன் மனைவி காளீஸ்வரியும் எங்கள் கம்பெனிதான். கலர் உருண்டைகளைத் தட்டுகளில் பரப்பி, சிமெண்ட் மேடையில் வெயிலில் காய வைத்து, சாயங்காலம் எடுத்து வைக்கிற வேலை. அந்த உருண்டைகள்தான் வானத்தில் பச்சையும் சிவப்புமாகச் சிதறுகிறவை. காய்ந்த உருண்டையை அவள் தொடுவதைப் பார்த்தால் கைக்குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி இருக்கும்.

கம்பெனிக்குக் கிழக்கே, வேலிக்கு அப்பால் வற்றிக் கிடந்த கண்மாயில்தான் நாங்கள் வெடித்துப் பார்ப்போம். அந்தப் பெரியவரின் படம் இன்னும் அச்சாகி வரவில்லை. அதே எடையில் ஏதாவது துணி வேண்டுமே என்று மாடசாமி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கேட்டு, அச்சு சரியில்லை என்று ஒதுக்கிய ஒரு பட்டுத்துணியை வாங்கி வந்தான். மாரியம்மன் படம். சிவப்புச் சேலை, மஞ்சள் முகம், பெரிய கண். கண் மட்டும் கொஞ்சம் இடம் மாறி அச்சாகியிருந்தது, அதனால்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கண்மாய்க்குப் போனோம். நானும் மாடசாமியும் மட்டும். பங்குனி மத்தியானம் உங்களுக்குத் தெரியும். காற்று செத்துக் கிடக்கும், எங்கேயாவது ஒரு மூலையில் பேய்க்காற்று சருகைச் சுருட்டி நிறுத்திவிட்டுத் தானாகவே அடங்கும். முதலில் கனமான ஷெல். மாடசாமி ஊதுபத்தியால் திரியைப் பற்ற வைத்துவிட்டு வந்தான். சோம்பேறி மாதிரி ஏறியது, எதிர்பார்த்த இடத்தில் வெடித்தது. கண்மாய்க் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து போனது. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அடுத்தது லேசானது. அது கிளம்பின விதமே எனக்குப் பிடிக்கவில்லை. பைப்பிலிருந்து 'டப்' என்று வராமல் 'சளக்' என்று ஒரு சத்தம். கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் வெயிலுக்குக் கையை வைத்து மறைத்துக்கொண்டு மேலே பார்த்தோம். ஒன்றும் இல்லை. வெறும் வானம். அது போன இடம் இது என்று காட்ட ஒரு கீற்றுப் புகை கூட இல்லை.

"எங்கன போச்சு அண்ணாச்சி?" என்றான் மாடசாமி.

பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு ரொம்ப மேலே, தலைக்கு நேராக, ஒரு வெள்ளைப் பொட்டு விரிந்தது. சத்தம் வந்து சேரவே நேரமானது, அதுவும் யாரோ அடுத்த தெருவில் கதவைச் சாத்தின அளவுக்குத்தான். பாராசூட் திறந்துவிட்டது. அடியில் மஞ்சள் புகை. எல்லாம் நாங்கள் போட்ட திட்டப்படியே நடந்தது, ஆனால் திட்டம் போட்ட உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் நடந்தது.

அது கீழே வரும் என்று நின்றோம். வரவில்லை. வெயிலில் காய்ந்த கண்மாய்த் தரையிலிருந்து எழும்புகிற சூடு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. ஒரே இடத்தில் நின்றது. பிறகு, யாரோ தோளைத் தொட்டுத் திருப்பினது போல மெதுவாகத் திரும்பி, மேற்கே நகரத் தொடங்கியது. மேற்கே எங்கள் கம்பெனி.

கீழே துளிக் காற்று இல்லை. கருவேல இலை அசையவில்லை. மேலே மட்டும் அது போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நடந்தோம். நாங்கள் நடந்த வேகத்துக்கு அதுவும் நடந்தது. நான் ஒரு முறை நின்று பார்த்தேன். அதுவும் நின்ற மாதிரி இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் மனசு கண்டதையும் நினைக்கும். அதைக் கவனிக்காமல் நடையைக் கட்டுங்கள்.

மஞ்சள் புகை நின்றது.

"அணைஞ்சிருச்சு அண்ணாச்சி. இனிமே வெறும் துணிதானே?"

புகை நின்றுவிட்டது என்பது வாஸ்தவம். ஆனால் துணியோடு நாங்கள் கட்டிவிட்ட புகைக்குழாயின் அடியில் கங்கு இருக்கிறதா இல்லையா என்பது கீழேயிருந்து யாருக்குத் தெரியும்? அடுப்பு அணைந்துவிட்டது என்று சாம்பலில் கை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது மேடையில் விழலாம், மேடைக்கு அப்பால் பருத்திக் காட்டில் விழலாம். கங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இவ்வளவு 'லாம்' போட்டுக்கொண்டு ஒரு கம்பெனியையே காலி செய்யச் சொன்னால் முதலாளி என்ன சொல்வார் என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததை மறைக்க மாட்டேன். ஆனால் நடையை நிறுத்தவில்லை.

"எம்புட்டு மருந்து போட்ட?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க சொன்ன அளவுதான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு குரல் இறங்கியது. "அதோட சாமிக்கு ஒரு சிட்டிகை."

அப்போதுதான் எனக்கு அந்தப் பழக்கமே தெரிய வந்தது. புது அயிட்டம் எது செய்தாலும், முதல் ஷெல்லில் மாடசாமி அம்மனுக்கென்று ஒரு சிட்டிகை மருந்து கூடுதலாகப் போடுவானாம். அவன் அப்பா களத்தில் நெல் அளக்கும்போது கடைசியில் சாமிக்கு ஒரு கை போடுவாராம், அதே மாதிரி. இத்தனை வருஷமாகக் கனமான ஷெல்களில் போட்டு வந்திருக்கிறான். அந்தக் கனத்துக்கு ஒரு சிட்டிகை என்பது யானைக்குப் பொரி. நிறுத்துக் காட்டும்போது சரியாக இருக்கும், அப்புறம் போட்டதை யார் பார்த்தது? லேசான ஷெல்லுக்கு அதே சிட்டிகை எமனாகிவிட்டது. பக்தியும் சரி, அளவும் சரி, போட்ட இடம்தான் தப்பு.

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேலே பார்க்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காளீஸ்வரி அங்கேதான் இருந்தாள்.

"ஓடிப் போயி அவளை இழுத்துட்டு வந்துடுதேன்" என்று காலைத் தூக்கினான். நான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "ஓடுனியோ, கொன்னுபோடுவேன்" என்றேன். நீ ஓடினால் உன்னைப் பார்த்து ரூம்களில் இருக்கிற பெண்களெல்லாம் ஓடுவார்கள், மடியில் மருந்தோடு வாசலில் முட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல நேரமில்லை. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தாலும் பெண்டாட்டியல்லவா. ஆபத்துக்கு அடிக்க, மணியாகக் கட்டின தண்டவாளத் துண்டு இருந்தது. அதை அடித்தாலும் அதேதான் நடக்கும்.

உரசிப் பொறி வரக்கூடாது என்று உள்ளே செருப்பு போட விடுவதில்லை; வேலிக் கதவருகில் கழற்றினோம். அந்த நேரத்திலும் கழற்றினோம், அது நல்ல காலம். குனிந்தபோதுதான் பார்த்தேன். மாடசாமியின் வலது கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஷெல்லைக் கொளுத்தின அதே பத்தி. வானத்திலிருந்து வருகிற நெருப்பை நிறுத்துவதற்காக, கையில் நெருப்போடு மருந்து ரூம்களுக்குள் நுழையப் போனோம். பத்தியைப் பிடுங்கி மண்ணில் தேய்த்தேன். தேய்த்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன்தான் "போதும் அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்தான்.

உள்ளே போனதும் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. ரூம் ரூமாகப் போய் "அப்படியே கீழ வச்சிட்டு வெளிய வாங்க தாயி" என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். முக்கால்வாசிப் பேர் ஏற்கனவே வெளியே நின்றார்கள். யாரும் கூப்பிடாமல், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து, காய வைக்கிற மேடையைச் சுற்றி நின்றார்கள். எல்லார் முகமும் மேலே இருந்தது. கைகள் கூப்பியிருந்தன.

நானும் மேலே பார்த்தேன். அது இறங்கத் தொடங்கியிருந்தது. பாராசூட்டுக்கு அடியில் துணி முழுசாக விரிந்து, சிவப்புச் சேலை தெரிந்தது, மஞ்சள் முகம் தெரிந்தது. அச்சுப் பிசகின அந்தக் கண் கீழே நிற்கிற எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்த்தது. பங்குனி மாதம், கையில் காப்பு, வெறும் வயிறு, உச்சி வெயில். வானத்திலிருந்து சத்தமில்லாமல் மாரியம்மன் இறங்கி வருகிறாள். அது என்ன, எங்கே அச்சானது, யார் பொட்டலம் கட்டினது என்று தெரிந்த எனக்கே மயிர்க் கூச்செறிந்தது. தெரியாதவர்களை என்ன சொல்ல?

மேடை மேல், தட்டுகளுக்கு நடுவில், காளீஸ்வரி நின்றாள். முடி அவிழ்ந்திருந்தது. உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. சுற்றிலும் காய்ந்த உருண்டைகள். காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தால் போதும், மேலேயிருந்து எதுவும் வந்து விழ வேண்டாம். சாமி வந்திருந்தது.

மாடசாமி என் பக்கத்தில் அழுதான். "நான் போயி கையப் பிடிச்சுக் கூட்டியாரேன்" என்றான். சாமி வந்து நிற்கிறவளைத் தொட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. திமிறுவாள். திமிறினால் தட்டு மேல் விழுவாள். "நீ இங்கனயே நில்லு. கண்ண மூடிக்கிட்டு நில்லு" என்றேன்.

மேடையருகில் போனேன். என்ன சொல்வது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு போகவில்லை.

"ஆத்தா" என்றேன்.

ஆடினபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். காளீஸ்வரி என்னைப் பார்த்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்ப்பாள். இப்போது பார்த்த பார்வை அவளுடையது இல்லை.

"யாருலே அது?"

"நான்தான் ஆத்தா. போர்மேன்."

"எனக்கு என்னலே போர்மேன்? நீ யாரு பிள்ளன்னு கேக்கேன்."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ சபையில் உபதேசியாராக இருந்தவர். பொங்கல் நேரத்தில் கம்பெனியில் கொடுக்கிற மாவிளக்கை நான் வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. நீ யார் பிள்ளை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அப்படிச் சொல்லாமல் கர்த்தரை மறுதலித்தவர்கள் கதையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள்.

பாராசூட் பனை உயரத்துக்கு வந்துவிட்டது. புகைக்குழாயின் வாய் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குள் சிவப்பாக ஒன்று தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

"உன் பிள்ளைதான் ஆத்தா" என்றேன்.

"எம்பிள்ளையா இருந்தா இத்தன நாளா எங்கலே போயிருந்த?"

"வேலை கெடந்துச்சு ஆத்தா."

சிரித்தாள். "என்ன வேணும்?" என்றாள்.

"மேக்க வேப்பமரத்தடியில எடம் பண்ணி வச்சிருக்கு. நீ முன்னால நட. உன் பிள்ளைக எல்லாம் பின்னால வருவாக. இங்கன வெயிலு."

கொஞ்ச நேரம் அப்படியே ஆடிக்கொண்டு நின்றாள். பிறகு காலை எடுத்து வைத்தாள். தட்டுகளுக்கு நடுவில் ஒரு உருண்டை கூட அசையாமல், இருட்டில் தன் வீட்டுக்குள் நடக்கிறவள் மாதிரி நடந்து மேடையை விட்டு இறங்கினாள். என் முன்னால் வந்து குனிந்து, காலடி மண்ணை அள்ளி என் நெற்றியில் அழுத்திப் பூசினாள். பிறகு மேற்கே திரும்பினாள்.

சாமி வேகமாக நடக்காது. அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சப்பரம் நகர்கிற வேகம். பின்னால் பெண்கள் எல்லாரும் குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள். ரூம்களைத் தாண்டும்போது உள்ளே மிச்சமிருந்தவர்களும் குலவை கேட்டு, கையிலிருந்ததை வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தரும் ஓடவில்லை, ஒருத்தரும் முட்டவில்லை. நான் கடைசியில் வந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் அது இறங்கிக்கொண்டிருந்தது என்று மட்டும் தெரியும். அதன் நிழல் எனக்கு முன்னால் வந்து விழுந்துவிடுமோ என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வேப்பமரத்தடியில் ஆட்களை எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். காளீஸ்வரி வேரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் திரும்பினேன்.

துணி மேடை மேல் போய் உட்கார்ந்திருந்தது. பாராசூட் பாதி மேடையிலும் பாதி வெளியிலுமாகச் சரிந்து கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. பெண்களுக்குள் சலசலப்பு வந்தது.

"ஆத்தா படம் வெயில்ல கெடக்கே. நான் போயி எடுத்துட்டு வந்துடுதேன்" என்று ஒருத்தி கிளம்பினாள். நான் கையை விரித்து மறித்தேன். "அண்ணாச்சி, சாமி படத்த அப்படிப் போடக்கூடாதுல்லா?" என்றாள். இன்னும் ரெண்டு பேர் அவளோடு சேர்ந்தார்கள். அவர்களை நிறுத்த என்னிடம் காரணம் எதுவும் இல்லை. துணி துணியாகத்தான் கிடந்தது. உண்மையைச் சொன்னால், வானத்திலிருந்து இறங்கின அம்மன் மாடசாமி கட்டின பொட்டலம் என்று தெரிந்தால், என் பேச்சை இனி யார் கேட்பார்கள்? "ஆத்தா சொல்லாம ஒருத்தரும் போகப்படாது" என்றேன். எல்லாரும் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள். யாரும் போகவில்லை.

பிறகு மேடையின் ஒரு மூலையில் பச்சை வந்தது. பகல் வெளிச்சத்தில் பச்சைத் தீ எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் கண் கூசுகிற வெள்ளை. தட்டுத் தட்டாகப் பற்றிக்கொண்டு வந்தது. வெடிக்கவில்லை, பாம்பு மாதிரி ஒரு சீறல் மட்டும். நடுவில் அந்த மஞ்சள் முகம் ஒரு முறை எழுந்து, எங்களைப் பார்த்து நின்று, சுருண்டு போனது. பிறகு வெறும் புகை. படம் எடுக்கக் கிளம்பினவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாடசாமி என் காலைக் கட்டிக்கொண்டான்.

அப்புறம் நடந்தது எல்லாம் நீங்கள் ஊகிக்கிற மாதிரிதான். ஜீப்புகள் வந்தன, கேள்விகள் வந்தன, கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. மாடசாமியை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார்கள், நான் முடியாது என்றேன். இனிமேல் அப்படிப்பட்ட தப்பைச் செய்ய முடியாத ஒரே ஆள் அவன்தான் என்றேன். சாமிக்கு உண்டான சிட்டிகையை அதன் பிறகு அவன் மருந்தில் போடாமல், உப்பாக வேலிக்கு வெளியே மண்ணில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவான். அந்தக் கல்யாண ஆர்டரையும் நாங்கள் செய்து கொடுத்தோம். பாராசூட் ஷெல்லுக்குள் மணல் மூட்டை ஒன்று கட்டி அதைக் கனமானதாக்கிவிட்டேன். பெரியவரின் முகம் கொஞ்சம் அவசரமாகவே தரைக்கு வந்ததாம். பிள்ளைகளுக்கு வருத்தம், எனக்குத் தூக்கம் வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஆபத்து நேரத்தில் நீங்கள் பேச வேண்டியது உங்களுக்குத் தெரிந்த பாஷையில் இல்லை, எதிரே நிற்கிறவர்கள் கேட்கிற பாஷையில். மற்றதெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு நான் சொன்னது தந்திரமா, பொய்யா, நிஜமா என்று கேட்காதீர்கள். சொல்லும்போது என் குரல் நடுங்கியது. தந்திரத்துக்கு அப்படி நடுங்காது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தாள். தீக்காயம் பட்டவர்களை அங்கே வாழை இலை மேல்தான் படுக்க வைப்பார்கள். எனக்கு முன்பே வந்து, யூனிபார்ம் சேலையைக் கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புகையை டவுனிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனி என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாக் கட்டில்லயும் வாழை இலை விரிச்சு வச்சிட்டோம்" என்றாள். "வாசல்லயே நின்னோம். இப்ப வரும், இப்ப வரும்னு நின்னோம். நீங்களும் வருவீகன்னு நெனச்சேன். ஒருத்தரும் வரல. இலை எல்லாம் அப்படியே வாடிப்போச்சு."

எழுந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் நெற்றியில் பூசின மண்ணைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க எத்தனையோ பேர் என்னோடு பேசினார்கள், ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. நானும் மறந்தே போயிருந்தேன். சபை விஷயத்தில் அவள் என்னை விடக் கண்டிப்பு. என் அப்பாவே அவளிடம் பயப்படுவார். "இது என்ன?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னேன்.

துடைப்பதற்காக முந்தானையை எடுத்தாள். அது என் நெற்றி வரை வந்து அப்படியே நின்றது. பிறகு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "கைய மட்டும் கழுவிட்டு சாப்பிட வாங்க."